பழி மீன்மேல், பிழை தொட்டிமேல்

கடல்நீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம். பவளம் இருக்கும் தொட்டியில் எந்த மீனை விடலாம், எதை விடக்கூடாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரித்துச் சொல்லும் பட்டியல் அது. கடைக்காரர் அதைப் பார்த்து மீன் கொடுக்கிறார்; புதிதாகத் தொட்டி வைப்பவர் அதைப் பார்த்து வாங்குகிறார். எம்பரர், குயீன், பிரெஞ்ச், கொரான், புளூ ஃபேஸ் என்று பெரிய ஏஞ்சல் மீன்கள் அதில் சிவப்பில்தான் நிற்கும். மிஞ்சிப்போனால் மஞ்சளின் கடைசி வரியில். “ஏஞ்சல் வேண்டுமா, பவளத்தை மறந்துவிடு, பவளம் வேண்டுமா, ஏஞ்சலை மறந்துவிடு” என்பது இந்தப் பொழுதுபோக்கில் வேதவாக்கு.

நம் ஊர் நன்னீர்த் தொட்டிகளில் முக்கோணமாக மிதக்கும் அமேசான் ஏஞ்சலுக்கும் இந்த மீன்களுக்கும் உறவில்லை. இவை பொமகாந்திடே என்னும் கடல் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதில் ஏறத்தாழ 90 இனங்கள் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் குள்ள ஏஞ்சல் முதல் 60 செ.மீ. வரை வளரும் கிரே ஏஞ்சல் வரை எல்லா அளவிலும் இருக்கின்றன. நான் பேசுவது பெரியவற்றைப் பற்றி.

அந்த வேதவாக்கின் முடிவோடு எனக்குப் பாதிக்குப் பாதி உடன்பாடு உண்டு. பெரும்பாலான வீடுகளில் பெரிய ஏஞ்சலை வளர்க்கக் கூடாதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. காரணம் தவறினால் விளைவும் தவறும்: வளர்க்கத் தகுதியுள்ள தொட்டி தடுக்கப்படுகிறது, தகுதியே இல்லாத தொட்டிக்கு அனுமதி கிடைக்கிறது. இரண்டிலும் அடிபடுவது மீன்.

பட்டியலின் பக்கம் நிற்பவர்கள் சொல்வது மூன்று. ஏஞ்சல் இயல்பிலேயே பவளம் தின்னும் மீன். பெரிய உடம்பு, நிறையத் தின்று நிறையக் கழித்துப் பவளத்துக்கு வேண்டிய தூய நீரைக் கெடுக்கும். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் நிறுத்தவே நிறுத்தாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டுக்குக் கடலே பதில் வைத்திருக்கிறது. ஜான் ராண்டல், வில்லார்ட் ஹார்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கரீபியக் கடலின் 212 மீன் இனங்களின் குடலைத் திறந்து பார்த்து 1968-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குயீன் ஏஞ்சல் சேர்ந்த ஹோலகாந்தஸ் பேரினத்தின் உணவில் 95 சதவீதத்துக்கு மேல் கடற்பஞ்சு. பிரெஞ்ச், கிரே ஏஞ்சல்கள் சேர்ந்த பொமகாந்தஸ் பேரினத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதே கடற்பஞ்சு. பவளம் தின்பதையே பிழைப்பாகக் கொண்ட மீன்கள் வேறு இருக்கின்றன. பவளம் தின்னும் மீன்களை உலக அளவில் தொகுத்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு 128 இனங்களைக் காட்டியது. அதில் பாதிக்கு மேல் வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். ஏஞ்சலும் வண்ணத்துப்பூச்சி மீனும் ஒரு காலத்தில் ஒரே குடும்பமாக வைக்கப்பட்டிருந்தவை. பிறகு அறிவியல் பிரித்துவிட்டது. பழி மட்டும் பிரியவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. கடலில் பவளத்துக்குப் பெரிய எதிரிகளில் ஒன்று கடற்பஞ்சு. பக்கத்தில் வளர்ந்து, மேலே படர்ந்து, மூச்சை அடைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மால்கம் ஹில் என்ற ஆய்வாளர் ஃபுளோரிடா கீஸ் பகுதியில் கூண்டு போட்டு, பஞ்சு தின்னும் மீன்களைத் தடுத்துப் பார்த்தார். கூண்டுக்குள் பஞ்சு பவளத்தின் மேல் ஏறியது. மீன் வந்து போகும் இடத்தில் பவளம் பிழைத்தது. 1998-இல் வெளியான ஆய்வு இது. பட்டியல் எந்த மீனைப் பவளத்தின் எதிரி என்கிறதோ, அந்த மீன்தான் கடலில் பவளத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. ஏஞ்சல் உலவும் பாறைத்திட்டில் பவளம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது என்பதை நினைத்தாலே “இயல்பிலேயே பவளத்துக்கு ஆகாது” என்ற வாதம் ஆட்டம் காணும்.

ஆனால் 70 என்றால் மீதம் 30 இருக்கிறதே என்று கேட்பவர் நியாயமாகவே கேட்கிறார். அந்த மீதியில் பாசி, கடற்பீச்சி, விசிறிப் பவளம், ஸோவாந்திட் போன்ற மென்மையான உயிரிகள் எல்லாம் உண்டு. அந்த வாயும் விளையாட்டு வாயல்ல. மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக் கரையிலும் வாழும் கொரான் ஏஞ்சல் தின்னும் விதத்தை 2005-இல் வெளியான ஓர் ஆய்வு நுணுக்கமாக விவரிக்கிறது. அதன் கீழ்த்தாடைக்கு நடுவிலேயே கூடுதலாக ஒரு மூட்டு உண்டு. மற்ற மீன்கள் வாயை நீட்டித் திறந்து இரையை உறிஞ்சும். இது தாடையை முன்னே நீட்டி, நீட்டிய நிலையிலேயே மூடி, கவ்வியதை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துப் பிய்த்தெடுக்கும். தூரிகைபோல் அடர்ந்த பற்கள் பிடியை நழுவ விடாது. பாறையோடு இறுகி ஒட்டிய கடற்பஞ்சைக் கிழிக்க அமைந்த வாய் அது.

அந்த வாயிடம் டிராக்கிஃபில்லியா என்ற பவளத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எலும்புக்கூட்டின் மேல் ததும்பி வழியும் சதை. பிய்க்க வாகான பொருள். லோபோஃபில்லியா, ஸ்கோலிமியா, அகாந்தாஸ்ட்ரியா போன்ற சதைப்பற்றான பவளங்களுக்கும் ஸோவாந்திட்களுக்கும் ஜீனியாவுக்கும் டிரைடாக்னா சிப்பியின் விரிந்த மடலுக்கும் பெரிய ஏஞ்சலால் ஆபத்து உண்டு. இதை மறைத்து எவரும் ஏஞ்சலுக்காக வாதாடக் கூடாது. ஆனால் பவளம் என்பது இவை மட்டுமா? அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கிளைப் பவளங்களில் சதை சுண்ணாம்பின் மேல் மெல்லிய படலம். பெரிய ஏஞ்சல்கள் பெரும்பாலும் அவற்றைச் சீண்டுவதில்லை. சைனுலேரியா, சார்க்கோஃபைட்டன் போன்ற தோல்பவளங்கள் தம் உடம்பில் வைத்திருக்கும் ரசாயனத்தாலேயே கடிப்பவனை விரட்டும். “பவளத்தோடு சேராது” என்ற ஒற்றை வரி இந்த வேறுபாடு எதையும் கணக்கில் எடுப்பதில்லை. எந்தப் பவளம் என்று கேட்காத விதிக்கு அறிவுரை என்று பெயர் வைக்க முடியாது.

இங்கே ஏஞ்சலின் பக்கம் நிற்கும் ஆர்வலர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். “வயிறு நிறையப் போடுங்கள், பவளத்தைத் தொடாது” என்கிறார்கள். அதுவும் பாதி உண்மைதான். ஏஞ்சல் பசிக்கு மட்டும் கடிக்கும் மீனாக இருந்தால் வயிறு நிறைந்ததும் நிற்கும். அது மேய்ச்சல் மீன். ஒரே பஞ்சை உட்கார்ந்து தின்று தீர்க்காது. ஓர் இனத்தில் ஒரு வாய், நகர்ந்து இன்னோர் இனத்தில் ஒரு வாய் என்று பகல் முழுக்கச் சுற்றும். பஞ்சுகள் தற்காப்புக்கு வெவ்வேறு நச்சுப் பொருள்களை வைத்திருப்பதால், ஒன்றையே நிறையத் தின்னாமல் பலவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது அதற்கு உகந்த வழி. வேலி தாண்டி வந்த ஆட்டைப் போல எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் இருப்பது ஒற்றை மல்லிகைச் செடி என்றால் அன்றோடு அது காலி. தோப்பில் மேய்ந்த ஆடு எந்த மரத்தைக் கடித்தது என்று சாயங்காலம் தேடினாலும் தெரியாது.

தொட்டியில் நடப்பது இதுதான். “ஏஞ்சல் பவளத்தை அழித்துவிட்டது” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் பவளம் என்பது இரண்டு விரற்கடை அகலத்தில், செராமிக் வில்லையின் மேல் ஒட்டிய துண்டு. பத்துப் பதினைந்து துண்டுகள், நடுவே வெறும் பாறை. நாளொன்றுக்கு ஒரு துண்டில் பத்துக் கடி விழுந்தால் அது பாலிப்பை, அதாவது தன் மென்சதையை, உள்ளிழுத்துக்கொள்ளும். பாலிப் விரியாவிட்டால் ஒளியும் கிடைக்காது, உணவும் கிடைக்காது. வாரக்கணக்கில் வாடிச் செத்துப்போகும். பல மீன்கள் பவளத்தைத் தின்று கொல்வதில்லை. அதை விரிய விடாமல்தான் கொல்கின்றன. அதே பத்துக் கடி தலை அளவுக்கு வளர்ந்த நாற்பது பவளக் கூட்டங்களில் பரவி விழுந்தால் ஒன்றுக்கும் உறைக்காது. மீன் அதேதான், வாயும் அதேதான். வேறுபாடு தொட்டியின் அளவிலும் முதிர்ச்சியிலும் இருக்கிறது. பட்டியலோ பழியை மீனின் குணத்தில் எழுதிவைத்துவிட்டது.

இரண்டாவது, கழிவு. பெரிய மீன் நிறையக் கழிக்கும் என்பது மறுக்க முடியாதது. ஆனால் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள்: 45 செ.மீ. அளவுக்கு வளரும் நேசோ டேங் பச்சையில் இருக்கிறது. நாள் முழுக்கப் பாசி மேய்ந்து நாள் முழுக்கக் கழிக்கும் மீன் அது. டேங்கின் கழிவைத் தாங்கும் ஸ்கிம்மர் என்ற சுத்திகரிப்புக் கருவிக்கு ஏஞ்சலின் கழிவு மட்டும் கசக்குமா? அதோடு, கழிவு என்றாலே பவளத்துக்கு நஞ்சு என்ற எண்ணமும் பழையது. கரீபியக் கடலில் பகலில் கூட்டமாகப் பவளத்தின் மேல் ஒதுங்கி நிற்கும் கிரன்ட் மீன்களை ஆராய்ந்து, 1983-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மீன் கூட்டம் தங்கும் பவளங்கள், தங்காதவற்றைவிட வேகமாக வளர்ந்திருந்தன. மீன் வெளியேற்றும் அமோனியம் பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிகளுக்கு உரம். இன்று தொட்டிக்காரர்களே இதை வேறு வழியில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குத் துடைத்தெடுத்த தொட்டியில் பவளம் வெளிறுகிறது, பழுப்பு டைனோஃபிளாஜெல்லேட் சளி படர்கிறது. பிறகு பாட்டிலில் நைட்ரேட் வாங்கி ஊற்றுகிறார்கள். மீன் இலவசமாகத் தருவதைத் தடைசெய்துவிட்டு அதையே காசு கொடுத்து வாங்கும் கூத்து இது.

மூன்றாவது, ருசி கண்ட பூனை வாதம். ஒரு மீன் ஒரு பவளத்தைக் கடிக்கப் பழகிவிட்டால் விடாது என்பது உண்மைதான். ஆனால் இது ஏஞ்சலுக்கு மட்டும் உரிய குணமா? பட்டியலில் பச்சைக்கும் பச்சையாக இருக்கும் கோமாளி மீன், அனிமனி கிடைக்காத தொட்டியில் யூஃபில்லியா, கோனியோபோரா போன்ற பவளங்களில் குடியேறி, ஓயாமல் உரசி அதை விரியவிடாமல் செய்வது உண்டு. முயல் மீன் பாசி தீர்ந்ததும் ஸோவாந்திட் பக்கம் திரும்புவது உண்டு. பவளத்துக்கு ஊட்டிய உணவைக் கிளீனர் இறால் பாலிப்பின் வாய்க்குள் கைவிட்டுத் தோண்டித் தின்பதைப் பார்க்காத தொட்டிக்காரர் அரிது. இவற்றுக்கு மட்டும் “கவனித்துக்கொள்ளுங்கள்” என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு. ஏஞ்சலுக்கு நாடு கடத்தல்.

இதுவரை சொன்னது பட்டியல் எங்கே பிசகுகிறது என்பது. பிசகினால் என்ன கெட்டுவிட்டது, சற்றுக் கூடுதல் எச்சரிக்கைதானே என்று விட்டுவிடலாமா? விட முடியாது. பட்டியலில் ஏஞ்சலுக்கு எதிராக இருக்கும் சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: “மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு ஏற்றது.” உண்மையான கேடு அந்த வரியில்தான்.

அதைப் படித்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கடையில் எட்டு செ.மீ. எம்பரர் குட்டி நீந்துகிறது. கருநீல உடம்பில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழல்கின்றன. முதிர்ந்த மீனின் மஞ்சள் கோடுகளோடு சாயலே இல்லாததால், குட்டியை வேறு இனம் என்று எண்ணி அறிவியலாளர்களே ஒரு காலத்தில் தனிப் பெயர் சூட்டியிருந்தார்கள். வாங்குபவரிடம் நான்கு அடித் தொட்டி, பவளம் கிடையாது. பட்டியல் அனுமதிக்கிறது. மீன் வீட்டுக்கு வருகிறது.

இனி அளவு நாடாவை எடுங்கள். நான்கு அடித் தொட்டி என்பது 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். முழு வளர்ச்சி அடைந்த எம்பரர் 40 செ.மீ. வால் வீசி நான்கு முறை நகர்ந்தால் கண்ணாடி. திரும்ப வேண்டும் என்றால் மூக்குக்கு முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் இரண்டரை, இரண்டரை செ.மீ.தான் மிச்சம். கடலில் பாறைத்திட்டு முழுக்கத் தன் எல்லையாக வைத்துக் காவல் சுற்றும் மீன் இது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. அந்த ஆண்டுகள் முழுவதும் முன்னும் பின்னும் நடக்கும் சிறை. தொட்டிக்குள் பிளாஸ்டிக் பவளம், மேய ஒன்றுமில்லை. நீர், பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியின் நீரைவிடப் பல மடங்கு அழுக்கு, ஏனென்றால் “மீன் மட்டும்தானே” என்று நைட்ரேட்டைப் பார்ப்பவர் யாருமில்லை. நாளடைவில் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் குழிகுழியாக அரிக்கும். தொட்டிகளில் வாழும் ஏஞ்சல்களிலும் டேங்குகளிலும் அடிக்கடி காணும் நோய் அது. சத்துக் குறைவு, நீரின் தரம், கார்பன் தூள் என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றில் எதுவும் பவளத்தோடு தொடர்புடையது அல்ல.

நல்ல ரீஃப் தொட்டி இதற்கு நேர்மாறு. உயிருள்ள பாறையில் நுண்பாசி, பஞ்சு, புழு என்று மேய நூறு இருக்கும். பவளத்துக்காகவே நீரின் வெப்பமும் உப்பும் காரத்தன்மையும் அன்றாடம் அளக்கப்படும். மீனுக்கு வேண்டியதும் இதுதான். பட்டியல் ஏஞ்சலை அதற்கு மிகப் பொருத்தமான தொட்டியிலிருந்து விரட்டி, பொருந்தாத தொட்டியில் அடைக்கிறது. பவளத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வந்த விதி மீனைக் காவு கொடுக்கிறது.

அப்படியானால் எல்லோரும் ரீஃப் தொட்டியில் ஏஞ்சலை விடலாமா என்றால், கூடாது. கேள்வியை மாற்றிக் கேட்டால் விடை தானே வரும். ஆறு, எட்டு அடி நீளமும் ஆயிரம் லிட்டரை ஒட்டிய கொள்ளளவும் உண்டா? மீன் வருவதற்கு முன்பே பவளங்கள் துண்டு நிலையைத் தாண்டிக் கூட்டங்களாக வளர்ந்துவிட்டனவா? இருப்பவை சதைப் பவளங்களா, கிளைப் பவளங்களும் தோல்பவளங்களுமா? நாளுக்கு ஒருமுறை கொட்டாமல் நான்கைந்து முறை பிரித்துக் கொடுக்கவும், பாறையில் நோரி என்ற கடற்பாசித் தாளைக் கட்டி மேய விடவும், மைசிஸ் இறாலோடு கடற்பஞ்சு கலந்த உறைந்த உணவையும் கொடுக்கவும் வீட்டில் ஆள் உண்டா? கடித்தால் மீனைப் பிடித்து இடம் மாற்ற இன்னொரு பெரிய தொட்டி உண்டா? இவற்றில் ஒன்றுக்கு “இல்லை” என்றாலும் எம்பரர் வேண்டாம். பவளம் இருந்தாலும் வேண்டாம், இல்லாவிட்டாலும் வேண்டாம். பட்டியல் சொல்ல மறந்தது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

இனத்தையும் கேட்க வேண்டும். கரீபிய ராக் பியூட்டி 35 செ.மீ. வரைதான் வளரும், பெரிய ஏஞ்சல்களில் சிறியது. ஆனால் கடற்பஞ்சையே நம்பி வாழும் வாய் அதற்கு. தொட்டி உணவைத் தொடாமல் பட்டினியில் சாவதே பெரும்பாலும் அதன் முடிவு. அதற்கு எந்த வீட்டுத் தொட்டியும் ஏற்றதல்ல. எம்பரரும் கொரானும் பலவற்றைத் தின்பதால்தான் தொட்டியில் பிழைக்கின்றன. பலவற்றையும் தின்று பார்ப்பதால்தான் பவளத்தையும் கடித்துப் பார்க்கின்றன. அந்த இரண்டும் ஒரே குணம். ஒன்றை வேண்டி இன்னொன்றைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இன்னொன்று. கல் பவளங்கள், விசிறிப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் புலியைத் தொடுவதும் சட்டத்தின் முன் ஒரே வரிசை. அது சரியான சட்டம். பல ஆண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டி எடுத்த கடல் அது. பவளத்துக்குச் சட்டம் காவல் நிற்கிறது, பட்டியலும் காவல் நிற்கிறது. அந்தப் பவளத்தின் இடுக்கில் வளர்ந்த மீன் நான்கு அடிக் கண்ணாடிக்குள் இருபது ஆண்டு கிடக்கலாம் என்பதில் மட்டும் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆகவே கடைக்காரர்கள் அந்தப் பட்டியலைத் திருத்தி அச்சடிக்கட்டும். நிறக் குறிகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மீன் பெயருக்கும் எதிரே இரண்டு எண்களைப் போட்டால் போதும்: முழு வளர்ச்சியில் அதன் நீளம், அதற்கு வேண்டிய தொட்டியின் நீளம். அந்த இரண்டையும் பார்த்தபின் எம்பரர் வாங்க வருபவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். அந்தச் சிலரின் தொட்டியில் பவளமும் இருக்கட்டும்.